சானல்கரை எந்தக் கணக்கில் வரும்?

ஜூலை 11, 2025

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டது: "நகரத்தில் பின்தங்கிய பகுதி என்று சில இடங்களை மட்டும் எடுத்து வீடு, ரோடு, கழிப்பறை என்று அரசு தனியாகப் பணம் ஒதுக்குகிறதே, அந்த இடங்களை யார் முடிவு செய்கிறார்கள்? என்னைக் கேட்டால் எல்லாம் அரசியல்தான். ஓட்டு இருக்கிற இடத்துக்குப் பணம் போகும். வேறு ஏதாவது இருக்கிறதா?"

ஜூலை 11, இரவு

தம்பி, அரசியல் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் யாரும் கை காட்டுவதற்கு முன்பே ஒரு பட்டியல் தயாராகி விடுகிறது. அதில் இல்லாத இடத்துக்கு நல்ல மனசுள்ள கவுன்சிலர் நினைத்தாலும் பெரிதாக எதுவும் செய்ய முடிவதில்லை. அந்தப் பட்டியல் எங்கே பிறக்கிறது என்பதை நான் கொஞ்சம் கிட்டே இருந்து பார்த்திருக்கிறேன்.

நான் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக 2010இல் வீட்டுப் பட்டியல் எடுக்கவும் 2011 பிப்ரவரியில் ஆள் கணக்கு எடுக்கவும் போனேன். எங்கள் பேரூராட்சியில் ஒரு சானல்கரை, அதாவது கால்வாய்க் கரை, உண்டு. கரைப் புறம்போக்கில் வரிசையாக வீடுகள், சில ஓலைப்புரை, சில தகரம், சில பாதிச் சுவர் எழுப்பிக் காசு தீர்ந்து நின்றவை. கரையிலிருந்து நாலு படி ஏறினால் காம்பவுண்டு சுவரும் இரும்புக் கேட்டும் போட்ட கான்கிரீட் வீடுகள், கல்ஃப் பணத்தில் எழும்பியவை. இரண்டும் சேர்ந்துதான் எனக்குக் கணக்கெடுக்கக் கொடுத்த தொகுதி. படிவத்தில் 35 கேள்விகள். தரை எது, சுவர் எது, கூரை எது, கழிப்பறை வீட்டுக்குள்ளேயா வெளியிலா, தண்ணீர் எங்கிருந்து, கழிவுநீர் எப்படிப் போகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். ஒரு வீட்டையும் விடவில்லை, ஒரு பொய்யும் எழுதவில்லை. ஆனால் எல்லாவற்றையும் கூட்டி வார்டுக் கணக்காகப் போட்டபோது எங்கள் வார்டு நல்ல வார்டு ஆகிவிட்டது. மேலே உள்ள வீடுகளின் எண்ணிக்கை சானல்கரையை மூடிவிட்டது.

இது இன்றுவரை என் மனசில் கிடக்கிறது. அதனால்தான் உங்கள் கேள்வியை விட முடியவில்லை.

ஜூலை 13

அந்தப் பட்டியலில் வரும் குடிசைப் பகுதி என்பதற்கு வரையறை என்ன என்று கேட்டிருந்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மூன்று வகைக் குடிசைப் பகுதி உண்டு. சட்டப்படி அரசு அறிவித்தது முதல் வகை. அறிவிக்காவிட்டாலும் மாநில அரசோ உள்ளாட்சியோ வீட்டு வாரியமோ ஒத்துக்கொண்டது இரண்டாவது. மூன்றாவது வகையை கணக்கெடுப்புக்காரர்களே நேரில் பார்த்துக் கண்டெடுப்பார்கள், அதற்குத்தான் அளவு வைத்திருக்கிறார்கள்: குறைந்தது 300 பேர், அல்லது 60 முதல் 70 குடும்பங்கள், நெருக்கியடித்து, சுகாதாரமில்லாமல், தண்ணீர் கழிப்பறை வசதி சரியாக இல்லாமல் ஓரிடத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் என்பதுதான் முக்கியம்.

இதைக் கண்டெடுப்பது என்னைப் போல வீடு வீடாகப் போகும் ஆள் இல்லை. பொறுப்பு அதிகாரி பார்த்துச் சொல்ல வேண்டும், இன்னொரு அதிகாரி வந்து சரிபார்க்க வேண்டும். என் கைக்கு வரும்போது தொகுதி பிரித்தாகிவிட்டது. "இங்கே ஒரு மோசமான வரிசை இருக்கிறது" என்று எழுத என் படிவத்தில் கட்டமே கிடையாது.

இன்னொன்றும் உண்டு. இந்தக் குடிசைப் பகுதிக் கணக்கு மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று சட்டப்படி நகரமான இடங்களில் மட்டும்தான் எடுக்கப்பட்டது. கிராம ஊராட்சிக்குள் எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு மோசமாக வாழ்ந்தாலும் அந்தக் கணக்கில் வராது.

ஜூலை 14

"நம்ம மாவட்டம் முழுக்க நகரம்தானே டீச்சர், அப்புறம் என்ன?" என்று கேட்ட பிள்ளைக்கு. ஆமாம், 2011 கணக்குப்படி குமரியில் 82.33 சதவீதம் பேர் நகர்ப்புற மக்கள், சென்னைக்கு அடுத்த இடம். எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதல். இந்த இரண்டு எண்ணும்தான் நமக்கு வினை. டெல்லியில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு இங்கே ஒரு குறையும் தெரியாது. 2018இல் நாட்டில் 112 மாவட்டங்களை முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று எடுத்தார்கள், தமிழ்நாட்டில் ராமநாதபுரமும் விருதுநகரும். அது நியாயம்தான், அவர்களுக்குத் தேவை அதிகம். ஆனால் மாவட்டத்தை ஒரு பொட்டலமாகக் கட்டி எடை போட்டால் நல்ல மாவட்டத்துக்குள் இருக்கிற இல்லாதவனுக்கு எடையே இருக்காது.

நகரம் என்ற பெயரால் போனதையும் சொல்ல வேண்டும். நூறு நாள் வேலை கிராம ஊராட்சிகளுக்கு மட்டும். இந்த மாவட்டத்தில் சுமார் 95 கிராம ஊராட்சி, சுமார் 50 பேரூராட்சி. எங்கள் சானலில் சிறு பாலம் ஒன்று இருக்கிறது, பாலத்துக்குக் கிழக்கே பேரூராட்சி, மேற்கே கிராம ஊராட்சி. மேற்கே உள்ள அக்கா மண்வெட்டியோடு நூறு நாள் வேலைக்குப் போகிறாள். கிழக்கே உள்ள அவள் சொந்த நாத்தனாருக்கு அட்டை கிடையாது. இரண்டு பேரும் அண்டி ஆபீஸ் (முந்திரிப் பருப்பு ஆலை) மூடின மாதங்களில் ஒரே கஷ்டம்தான் படுகிறார்கள்.

மாநில அரசு 2022இல் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் என்று 100 கோடி ரூபாயில் முன்னோட்டமாகச் சில இடங்களில் தொடங்கியது, அது நல்ல எண்ணம். ஆனால் "சில இடங்கள்" என்றதும் மறுபடி அதே கேள்விதான் வந்து நிற்கிறது, எந்த இடங்கள்?

ஜூலை 19

நடந்து போகும்போது ஒன்று தோன்றியது, எழுதிவிடுகிறேன். அந்த 60, 70 வீடு என்ற அளவு சென்னையையும் மும்பையையும் மனசில் வைத்துப் போட்டது. நம் மாவட்டத்தின் நிலம் அப்படி இல்லை.

அகஸ்தீஸ்வரம், தோவாளைப் பக்கம் நெல்வயல் ஊர்கள். வயல் நடுவே ஊர் கூடி நிற்கும், தெருவும் முடுக்கும் இருக்கும். அங்கே ஏழைகள் சேர்ந்து ஒரு தெருவில் இருப்பார்கள், கண்டுபிடிக்கலாம். கல்குளம், விளவங்கோடு பக்கம் வந்தால் மலையாளக் கரை மாதிரி ஒவ்வொரு வீடும் தன் விளையில் தனியாக நிற்கும். இரண்டு சென்டில் ஒரு புரை, அடுத்த புரைக்குப் போக ரப்பர் தோட்டத்துக்குள் இடவழியில் நடக்க வேண்டும். ரப்பர் பால் வெட்டுகிற குடும்பம், மர அறுவைக்குப் போகிற குடும்பம், கணவன் குடித்துச் செத்து மூன்று பிள்ளைகளோடு நிற்கிற பெண் என்று எல்லோரும் இருக்கிறார்கள், ஆனால் ஓரிடத்தில் இல்லை. விரித்த நெல் மாதிரி சிதறிக் கிடக்கிறார்கள். இங்கே 60 குடும்பம் நெருக்கமாக வேண்டும் என்று கேட்டால் ஒருநாளும் கிடைக்காது.

கடற்கரை வேறு. அங்கே நெருக்கத்துக்குக் குறைவே இல்லை, ஒரு வீட்டின் சுவரில் அடுத்த வீடு சாய்ந்து நிற்கும். ஆனால் அங்கே சில ஊர்கள் கிராம ஊராட்சி. நெருக்கம் இருக்கிறது, நகரம் என்ற முத்திரை இல்லை. மேற்கே முத்திரை இருக்கிறது, நெருக்கம் இல்லை.

சானல்கரை இரண்டுக்கும் நடுவில் உள்ள மூன்றாவது வகை. நெருக்கம் உண்டு, ஆனால் கயிறு மாதிரி நீளமாக. வார்டு எல்லை போடுகிறவர்களுக்கு ஓடையும் சானலும் வசதியான கோடு. சானலின் நடுவில் கோடு போட்டு இந்தக் கரை ஒரு வார்டு, அந்தக் கரை இன்னொரு வார்டு என்று எழுதிவிடுவார்கள். எங்கள் சானலிலும் அப்படித்தான். எதிரெதிரே நின்று கொழம்புக்குப் புளி கடன் கேட்கிற இரண்டு வீடுகள் காகிதத்தில் வேறு வேறு வார்டு.

ஜூலை 20

நகரங்களுக்குக் குடிநீர், கழிவுநீர் வசதி செய்து தரும் மத்திய அரசின் அம்ருத் திட்டத்தில் நாகர்கோவில் மட்டும் வந்தது, மற்ற ஊர்கள் ஒரு லட்சம் ஆள் இல்லாததால் விடுபட்டன என்று நேற்று போனில் ஒருவரிடம் சொன்னேன். அவர் அதை அப்படியே இங்கே எடுத்துப் போட்டுவிட்டார், ஆனால் நான் சொன்னது பாதிதான். 2015இல் தொடங்கியபோது ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நகரங்கள் என்று 500 எடுத்தார்கள். நாகர்கோவிலில் 2011இல் 2,24,849 பேர், அதனால் வந்தது. குளச்சலும் குழித்துறையும் பத்மநாபபுரமும் அந்த அளவுக்குக் கிட்டேகூட இல்லை. ஆனால் 2021இல் அம்ருத்தின் இரண்டாம் கட்டம் வந்தபோது குடிநீருக்கு எல்லாச் சட்டப்படியான நகரங்களையும் சேர்த்தார்கள். திருத்திக்கொள்ளுங்கள்.

இதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கையாகவும் இருக்கிறது. ஆள் எண்ணிக்கையில் கோடு போட்டது தப்பு என்று ஆறு வருஷத்தில் உணர்ந்து அந்தக் கோட்டை அழித்திருக்கிறார்கள். கோடு போடுகிறவர்கள் அழிக்கவும் செய்வார்கள், யாராவது கேட்டால்.

ஜூலை 27

என் தம்பி மகள் இங்கிலாந்தில் நர்ஸ். எசெக்ஸ் பக்கம் வேலை. நான் இதைப் பற்றி அவளிடம் பேசியபோது, "அத்தை, எங்க ஊருக்குப் பக்கத்துல ஜேவிக்னு கடற்கரை ஊர் இருக்கு, நாட்டிலேயே பின்தங்கின இடம்னு அதைத்தான் சொல்லுவாங்க" என்றாள். அப்புறம் உட்கார்ந்து படித்தேன்.

அங்கே நாட்டை 1,500 பேர் அளவுள்ள சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள், 2019 கணக்கில் 32,844 கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் வருமானம், வேலை, படிப்பு, உடல்நலம், குற்றம், வீடும் வசதிகளும் எட்டுவது, சுற்றுப்புறம் என்று ஏழு பிரிவில் மதிப்பெண். வருமானத்துக்கும் வேலைக்கும் ஆளுக்கு 22.5 சதவீதம், மற்றதெல்லாம் அதற்குக் கீழே. கூட்டி வரிசைப்படுத்துகிறார்கள். ஜேவிக்கின் ஒரு பகுதி 2010, 2015, 2019 மூன்று தடவையும் முதலிடத்தில் வந்தது. 1930களில் லண்டன்காரர்கள் கோடைக்கு வந்து தங்கக் கட்டிய மரவீடுகள் பிறகு வருஷம் முழுக்க ஆள் குடியிருக்கும் வீடுகள் ஆகிவிட்டனவாம். ரோடுகூட ஒழுங்காக இல்லாமல் வெகுகாலம் கிடந்திருக்கிறது.

எனக்குப் பட்டது இதுதான். அந்தக் கட்டம் சின்னதாக இருந்ததால்தான் ஜேவிக் தெரிந்தது. மாவட்ட அளவில் பார்த்திருந்தால் அதுவும் எசெக்ஸின் பணக்கார ஊர்களுக்குள் கரைந்திருக்கும். அங்கேயும் 2001 வாக்கில் பின்தங்கிய 88 உள்ளாட்சிகளுக்கு என்று தனி நிதி கொடுத்தபோது, வசதியான உள்ளாட்சிக்குள் இருந்த ஏழைத் தெருக்கள் வெளியே நின்றன. வேறொரு திட்டத்தில் 1998 முதல் 39 பகுதிகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சுமார் 5 கோடி பவுண்டு, பத்து வருஷம் என்று கொடுத்துப் பார்த்தார்கள். பத்து வருஷம் ஒரே இடத்தில் நின்று வேலை செய்கிற பொறுமை எனக்குப் பிடித்திருக்கிறது. நம் ஊரில் மார்ச் மாதம் முடிந்தால் கணக்கு முடிந்தது.

ஆகஸ்ட் 3

பிரான்சில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். 1996 முதல் 751 பகுதிகள் என்று ஒரு பழைய பட்டியல் இருந்தது, பல காரணங்களைக் கலந்து, பேச்சுவார்த்தையில் உண்டானது. 2014இல் அதை எடுத்துவிட்டு ஒரே அளவுகோல் வைத்தார்கள்: வருமானம். ஊரின் பெயர், வார்டு எல்லை எதையும் பார்க்காமல், நாட்டின் மேல் 200 மீட்டருக்கு 200 மீட்டர் சதுரங்களாக வலை விரித்து, எந்தச் சதுரங்களில் வருமானம் குறைவு என்று பார்த்து, அவற்றைச் சேர்த்துக் குறைந்தது 1,000 பேர் வந்தால் அந்த இடம் முன்னுரிமைப் பகுதி. அதுவும் 10,000 பேருக்கு மேற்பட்ட நகரப் பகுதிகளில் மட்டும்.

இதைப் படித்த அன்று இரவு எங்கள் சானலின் மேல் அந்தச் சதுரத்தை வைத்துப் பார்த்தேன், மனசிலேதான். 200 மீட்டர் என்றால் சிறு பாலத்திலிருந்து குருசடி வரை. இரண்டு கரையும் ஒரே சதுரத்துக்குள் வந்துவிடும். வார்டு எல்லை ஒரு பொருட்டே இல்லை. அப்படியே சந்தோஷமாகத் தூங்கினேன்.

காலையில் எழுந்ததும் யோசனை மாறியது. சதுரத்துக்குள் சானல்கரை மட்டுமா வரும், மேலே உள்ள கேட் வீடுகளும்தானே வரும்? அதுவும் தவிர, அங்கே வரி அலுவலகத்தில் ஒவ்வொரு குடும்பத்தின் வருமானமும் இருக்கிறது. இங்கே அண்டி ஆபீசில் கிலோக் கணக்கில் கூலி வாங்கும் பெண்ணின் வருமானம் எந்த ஏட்டில் இருக்கிறது? வருமானம் தெரியாததால்தான் நாம் கூரையையும் டி.வி.யையும் கேட்டு வறுமையைக் கணிக்கிறோம். அதிலும் ஒரு பிழை உண்டு. 2010இல் நான் "டி.வி. இருக்கிறதா" என்று கேட்ட ஓலைப்புரைகளில் பலவற்றில் இருந்தது, 2006இலிருந்து அரசு இலவசமாகக் கொடுத்த கலர் டி.வி. கொடுத்தவர்களே அதைப் பார்த்து இந்த வீட்டில் வசதி இருக்கிறது என்று எண்ணுகிற மாதிரி ஆயிற்று. "உண்டு" என்று எழுதும்போது என் கை கொஞ்சம் தயங்கியது. ஆனால் இருந்ததை இல்லை என்று எழுத முடியாதே.

ஆகஸ்ட் 5

"இடத்தைத் தேடுவானேன், ஆளுக்கு நேராகக் கொடுத்தால் போதாதா?" நல்ல கேள்வி, இதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். நம் ரேஷன் கடைதான் உதாரணம். அரிசி அட்டை உள்ள யாருக்கும் அரிசி, யாரும் யாரிடமும் தன் ஏழ்மையை நிரூபித்துக் காட்ட வேண்டாம். இடத்தை அடையாளம் வைத்துக் கொடுக்கும் எந்தத் திட்டத்திலும், அந்த இடத்துக்கு வெளியே உள்ள ஏழை விடுபடுகிறான், உள்ளே உள்ள வசதிக்காரன் சேர்ந்துகொள்கிறான். இங்கிலாந்து அட்டவணை போட்டவர்களே இதைச் சொல்கிறார்கள், பின்தங்கிய பகுதியில் இருப்பவர் எல்லாம் பின்தங்கியவர் இல்லை, பின்தங்கியவர் எல்லாம் அந்தப் பகுதியில் இல்லை என்று.

ஆனால் கழிவுநீர் ஓடையை ஆளுக்கு ஒரு முழம் என்று பிரித்துக் கொடுக்க முடியாது. தெருவிளக்கு, ஆம்புலன்ஸ் உள்ளே வரும் அளவுக்கு வழி, சானல் கரை இடியாமல் கல்லுக்கட்டு, இதெல்லாம் இடத்துக்குத்தான் கொடுக்க முடியும். சானல்கரையில் ஒரு அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள். அதை எந்த அட்டையிலும் ஏற்றித் தீர்க்க முடியாது.

ஆகஸ்ட் 10

தக்கலைத் தம்பி விடவில்லை, எல்லாம் அரசியல்தான் என்பதற்கு அமெரிக்காவைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். சரி, அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2017 வரிச் சட்டத்தில் அங்கே வாய்ப்பு மண்டலங்கள் என்று ஒன்று வந்தது. ஏழ்மை 20 சதவீதத்துக்கு மேல் உள்ள கணக்கெடுப்புப் பகுதிகள், அல்லது வருமானம் குறைந்த பகுதிகள் தகுதி பெறும். அதுவரை எண்ணை வைத்துத்தான் பார்த்தார்கள். அப்புறம் தகுதி பெற்றவற்றில் நாலில் ஒரு பங்கை, அங்கே ஓட்டு வாங்கிப் பதவிக்கு வருகிற மாநில ஆளுநர் தேர்ந்தெடுக்கலாம் என்று வைத்தார்கள், பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக வசதியான சில பகுதிகளையும் கொஞ்சம் சேர்க்கலாம். மொத்தம் 8,700க்கு மேல் மண்டலங்கள். அங்கே முதலீடு செய்கிறவருக்கு வரிச்சலுகை. ஏற்கெனவே விலை ஏறத் தொடங்கிவிட்ட இடங்களுக்குப் பணம் போனது, சோர்ந்து கிடந்த இடங்களுக்குப் பெரும்பாலும் போகவில்லை என்ற குறை எழுந்தது.

ஆக நான் முதல் நாள் எழுதியதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். அளவுகோல் வாசலில் நிறுத்தும், அரசியல் வாசலுக்குள்ளே போனவர்களில் பொறுக்கும். இரண்டையும் கேள்வி கேட்க வேண்டும். ஆனால் சானல்கரைக்காரர்களின் சண்டை இன்னும் வாசலில்தான் நிற்கிறது, அதனால் நான் அளவுகோலைப் பற்றியே பேசுகிறேன்.

ஆகஸ்ட் 17

இன்றைக்குச் சர்ச் முடிந்து திரும்பும்போது சானல்கரை வழியாக வந்தேன். பழைய மாணவி ஒருத்தி, இப்போது அவளுக்கே கல்யாண வயதில் மகள். நான் இந்த விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. "டீச்சரே, எழுதுனா வீடு கிட்டுமா, இல்ல இருக்கியதும் போவுமா?" என்று கேட்டாள். அப்புறம் மெதுவாக, "பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கியோம், குடிசைன்னு எங்கயும் எழுதிராதீங்க" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. இத்தனை நாள் பட்டியலில் சேர்ப்பதைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன், சேர்க்கப்படுகிறவர்களிடம் கேட்கவே இல்லை.

அவள் பயத்தில் நியாயம் இருக்கிறது. நீர்வழிப் புறம்போக்கில் பட்டா கிடையாது. பட்டா இல்லாததால், சொந்த மனையில் வீடு கட்ட அரசு தரும் மானியமும் கிடையாது. யாராவது வந்து கணக்கெடுத்தால், அது உதவிக்கா காலி செய்யவா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? சென்னையில் ஆற்றங்கரைகளில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோனது இவர்களுக்கும் தெரியும், டி.வி.யில் பார்த்திருக்கிறார்கள். கூலி வேலை ஒரு பக்கம், வீடு இருபது கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் பிழைப்பு என்ன ஆகும்?

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடிசை மாற்று வாரியம் என்று இருந்ததை 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பெயர் மாற்றி என்ன பயன் என்று அப்போது நான் நினைத்தேன். இன்று அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க மாட்டேன். ஜேவிக்கிலும் இதே வருத்தம்தான் என்று தம்பி மகள் சொல்கிறாள், கடைசி இடம் என்ற பெயர் தங்கள் ஊரின் மேல் ஒட்டிக்கொண்டது அங்குள்ளவர்களுக்கு வலிக்கிறதாம்.

ஆகஸ்ட் 18

ராத்திரி தூக்கம் வராமல் 1971ஆம் வருஷத்துத் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் சட்டத்தை எடுத்துப் படித்தேன். இதை நான் முதலிலேயே படித்திருக்க வேண்டும். அதில் வீட்டு எண்ணிக்கையே இல்லை! மூன்றாவது பிரிவு என்ன சொல்கிறது என்றால், தாழ்வான இடமாக, சுகாதாரக் கேடாக, நெரிசலாக இருந்து மக்களின் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்தாக உள்ள எந்தப் பகுதியையும், அல்லது மனிதர் வாழத் தகுதியில்லாத கட்டடங்கள் உள்ள எந்தப் பகுதியையும், அரசு குடிசைப் பகுதி என்று அறிவிக்கலாம். 60 என்றும் 300 என்றும் சொல்வது கணக்கெடுப்பு வரையறை, சட்டம் அதைக் கேட்கவில்லை. ஜூலை 13இல் நான் எழுதியது தப்பில்லை, ஆனால் அது மட்டும்தான் வழி என்கிற மாதிரி எழுதிவிட்டேன்.

அறிவித்த பகுதியில் குடியிருப்பவரை அதற்கான அதிகாரியின் அனுமதி இல்லாமல் காலி செய்ய முடியாது என்று 29ஆம் பிரிவு இருக்கிறது. அதே சட்டத்தில் பகுதியையே அகற்றுவதற்கும் பிரிவுகள் இருக்கின்றன. மாணவி கேட்ட கேள்விக்கு இரண்டு பதிலும் ஒரே சட்டத்துக்குள் இருக்கிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

சட்டம் வந்த வருஷமே சென்னையில் 1,202 இடங்களை அறிவித்தார்கள். 1985இல் இன்னும் 17. எண்ணைப் பார்த்தாலே தெரியும், அறிவிப்பது அரசு நினைத்தால் ஒரு வருஷத்தில் நடக்கிற வேலை.

ஆகஸ்ட் 27

நேற்று நல்ல செய்தி. காலை உணவுத் திட்டத்தை நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். 2022இல் 1,545 பள்ளிகளில் தொடங்கி, 2023இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போய், 2024 ஜூலையில் ஊரகத்து உதவிபெறும் பள்ளிகளுக்கு வந்தது. நகரத்துப் பள்ளிகளுக்கு இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. உதவிபெறும் பள்ளிகள் இத்தனை உள்ள நம் மாவட்டத்தில், வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகளை நான் முப்பது வருஷம் பார்த்தவள். பசிக்கு ஊரகம் நகரம் தெரியாது. காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த ஒரு பையனுக்கு ஆசிரியர் அறையில் வைத்து நான் கொண்டுபோன இட்லியைக் கொடுத்தது நினைவுக்கு வந்தது, அவன் அதில் ஒன்றைத் தங்கைக்கு என்று எடுத்து வைத்துக்கொண்டான்.

விஷயத்தை விட்டு எங்கோ போய்விட்டேன். இல்லை, இதுவும் விஷயம்தான்.

செப்டம்பர் 7

குளச்சலில் இருந்து ஒரு அண்ணன், தேசிய மாதிரி ஆய்வில் குடிசைப் பகுதி என்று சொல்ல 20 வீடு இருந்தாலே போதும் என்று எடுத்துக் காட்டியிருக்கிறார். சரியாகச் சொன்னீர்கள் அண்ணா. குடிசைப் பகுதிக் கணக்குக்காக மத்திய அரசு அமைத்த, பிரணாப் சென் தலைமையிலான குழுவும் 2010இல் அதே 20 குடும்பத்தைத்தான் பரிந்துரைத்தது. அந்த அளவை வைத்து 2011க்கு அவர்கள் கணித்தது நாடு முழுக்க 9.3 கோடி பேர். கணக்கெடுப்பு எண்ணியது 6.5 கோடி. இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட மூன்று கோடி பேர். அளவுகோல் மாறினால் இத்தனை பேர் உள்ளே வருவார்கள் அல்லது வெளியே போவார்கள். என் சானல்கரை அந்த மூன்று கோடியில் எங்கோ இருக்கிறது.

அடுத்த கணக்கெடுப்பு வருகிறது. வீட்டுப் பட்டியல் 2026 ஏப்ரலில் தொடங்கும், ஆள் கணக்கு 2027. எல்லை மாற்றம் ஏதாவது செய்வதென்றால் இந்த 2025 டிசம்பர் 31க்குள் செய்ய வேண்டும் என்று மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். தொகுதி பிரித்த பிறகு பேசிப் பயனில்லை என்பது எனக்கு 2010இலேயே தெரிந்துபோன விஷயம். இப்போது பேச வேண்டும்.

செப்டம்பர் 14

நானே எண்ணிவிட்டேன். அந்த மாணவியும் கூட வந்தாள், அவள் வந்ததால்தான் கதவு திறந்தது. ஒவ்வொரு வீட்டிலும் எதற்கு எண்ணுகிறோம் என்று முதலில் சொன்னோம், வேண்டாம் என்று சொன்ன இரண்டு வீடுகளின் பெயரை எழுதவில்லை, எண்ணிக்கையில் மட்டும் வைத்தோம். தலைப்பில் குடிசை என்ற சொல் வேண்டாம், "சானல்கரைக் குடியிருப்பு, வழியும் வடிகாலும் வேண்டி" என்று போடலாம் என்றாள் அவள். அப்படியே போட்டேன்.

கிழக்கே பேரூராட்சியில் இந்தக் கரையில் 27 குடும்பம், அந்தக் கரையில் 21, பாலத்துக்கு மேற்கே ஊராட்சியில் 13. மொத்தம் 61. தனித்தனியாக எதுவும் கணக்கெடுப்பின் 60க்கு எட்டாது. மூன்றையும் சேர்த்து எண்ணினால் எட்டும். இரண்டு கரையையும் ஒரே தொகுதியில் வையுங்கள் என்று மட்டும் மனுவில் கேட்டிருக்கிறோம். பாலத்துக்கு மேற்கே உள்ள 13ஐ என்ன செய்வது என்று தெரியவில்லை. அவர்களை விட்டுவிட்டு எழுத எனக்கு மனசு வரவில்லை, அதனால் அவர்களையும் எழுதி, ஊராட்சி என்று பக்கத்தில் குறித்திருக்கிறேன்.

செப்டம்பர் 16

திருத்தம். 61 இல்லை, 64. அந்தக் கரையில் கடைசியில் உள்ள தகர வீட்டை ஒரு குடும்பம் என்று எழுதியிருந்தேன். மாணவி நேற்றுப் போன் பண்ணினாள்: "டீச்சரே, அது ஒரு கூரைதான், ஆனா உள்ள நாலு அடுப்பு." கணக்கெடுப்பில் ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம். எத்தனை அடுப்போ அத்தனை குடும்பம். 2010இல் நானே அந்த வீட்டை ஒன்று என்றுதான் எழுதினேன் என்று நினைக்கிறேன், வாசலில் நின்று கேட்டேனே தவிர உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

அப்படியென்றால் அந்தக் கரையில் 24. மனுவின் இரண்டாவது பக்கத்தைத் திரும்ப எழுதியாயிற்று. நாளை காலை எட்டரைக்கு மாணவி வேலைக்குப் போகும் முன் கையெழுத்து வாங்கப் போகிறோம், தகர வீட்டில் நாலு கையெழுத்து.